பார்த்தால் சுருங்கும் மனை

மாசிலாமணி வாங்கியது பார்த்தால் சுருங்குகிற வகை மனை. இதை யாரும் அவனிடம் மறைக்கவில்லை. பத்திரம் பதிந்த அன்றே, வேனில் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் நீட்டிக்கொண்டே மனை விற்ற கம்பெனியின் ஆள் ரூபன் சொல்லிவிட்டான்.

"நிலம் தூங்கணும் சார். தூங்கினாதான் வளரும். ஓனர் வந்து பாத்தா முழிச்சுக்கும். முழிச்சா சுருங்கும்."

"எவ்ளோ சுருங்கும்?"

"பாக்குறதப் பொறுத்து. சும்மா பாத்தா கொஞ்சம். கவலையா பாத்தா நிறைய."

"பாக்காமலே விட்டா எவனாவது வேலி போட்டுர மாட்டானா?"

"போடலாம் சார். அது ரிஸ்க்."

"அப்ப போய்ப் பாத்துக்கிட்டா?"

"அதுவும் ரிஸ்க்தான். லெக் பீஸ் இருக்கு, வைக்கட்டுமா?"

மாசிலாமணி வைக்கச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அம்சவேணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இன்னும் மனைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பும் முன் ரூபன் எல்லா ஜன்னல்களிலும் திரையை இழுத்துவிட்டான்.

மனை அச்சிறுபாக்கம் தாண்டி, மயில்தோகை நகரில் இருந்தது. அரை கிரவுண்டு, அதாவது ஆயிரத்து இருநூறு சதுர அடி. பத்திரம் இருவர் பெயரிலும். அம்சவேணியின் வளையல்கள் எல்லாம் அதற்குள் போயிருந்தன.

வாங்கியதற்குக் காரணம் ஒரு சமையலறை. அம்பத்தூரில் அவர்கள் குடியிருந்த போர்ஷனின் சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியும். வேணி உள்ளே இருக்கும்போது மாசிலாமணிக்குத் தாகம் எடுத்தால் அவள் வெளியே வரவேண்டும். அவன் உள்ளே போய்க் குடித்துவிட்டு வெளியே வரவேண்டும். பிறகு அவள் உள்ளே போகவேண்டும். அதற்குள் தோசை கருகிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் கருகிய தோசைதான். "ரெண்டு பேரு நிக்கிற மாதிரி ஒரு கிச்சன் இருந்தா போதுங்க" என்று அவள் ஒரே ஒரு தரம் சொன்னாள். திரும்பச் சொல்லவில்லை. அவள் திரும்பச் சொல்லாமல் இருந்ததுதான் அவனைப் போட்டு அரித்தது.

அவனுக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் வரும் பிஸ்கட்டுகளைப் பார்த்து, உடைந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பார்ப்பான். பிஸ்கட் எதுவும் சுருங்கியதில்லை. ஆகவே ரூபன் சொன்னதை அவன் பாதிதான் நம்பினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்று உறுதியாக இருந்தான். சவரம் செய்தான். பேப்பர் படித்தான். ஃபேனைத் துடைத்தான். துடைத்த ஃபேனை மறுபடி துடைத்தான். பிறகு பார்த்தால் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான்.

மயில்தோகை நகரில் எல்லோரும் வந்திருந்தார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டியோடு, அவரவர் மனையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று தொட்டார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அவர்கள் தொடத் தொடக் கற்கள் உள்ளே நகர்ந்தன. நகர்ந்த தடம் மண்ணில் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்தவன் மனையைவிடத் தன் மனை கொஞ்சம் பெரிதாக இருந்தால் புளிசாதம் நன்றாக இறங்கியது.

மாசிலாமணி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். அவன் கற்களும் நகர்ந்தன. ஒரு குளியலறை அளவு போனது.

அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனான். ஒரு மாடிப்படி போனது. அதற்கடுத்த வாரம் மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எதுவும் போகவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ கம்பி கட்டும் சத்தம் கேட்டது. திரும்பினான். யாரும் இல்லை. திரும்பியதில் ஹாலில் பாதி போனது.

பக்கத்து மனைக்காரர் கஜேந்திரன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் மனையிலேயே தங்கிக் காவல் காத்தார். கண்கொட்டாமல் காத்ததில் அவருடைய மனை ஒரு பாதம் அளவுக்கு வந்துவிட்டது. நாலு கல்லும் அவர் வலது காலைச் சுற்றி நெருங்கி நின்றன. இடது காலை மடக்கி, வேட்டிக்குள் வைத்திருந்தார்.

"கால் வலிக்கலையா அண்ணா?"

"கம்பத்துல ஏறி நின்ன காலுய்யா இது."

"இன்னொரு காலையும் ஊனிக்கலாமே."

"எங்க ஊனுறது? இந்தாண்ட வச்சா உன் மனை. நாளைக்கு ஆக்கிரமிப்புன்னு கேஸ் போடுவ."

"நான் போடுவனா?"

"நான் போடுவேன். அதனால சொல்றேன்."

அவர் கையை நீட்டி வடக்கே காட்டினார். அங்கே ஏழாம் நம்பர் மனை இருந்தது. அதன் சொந்தக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வாங்கிய மறுநாளே வாங்கியதை மறந்துவிட்டார். ஒரு தரம்கூட வந்து பார்த்ததில்லை. அதுவும் அரை கிரவுண்டுதான். இப்போது அதில் ஒரு ஏரி இருந்தது. ஏரிக்கு அப்பால் பனைமரங்கள். ஷேர் ஆட்டோ அதைக் கடக்க ஒரு பொழுது ஆகும் என்றார்கள். ஒரு மூலையில் மழை பெய்யும்போது மறு மூலையில் வெயில் அடித்தது. அவருடைய மகன் ஒரு நாள் வந்து ஆசை தீரப் பார்த்துவிட்டுப் போனான். பத்திரத்தில் அவன் பெயர் இல்லாததால் ஒரு அங்குலமும் குறையவில்லை.

"அதான்யா முதலீடு" என்றார் கஜேந்திரன். "மறதி இருந்தா நமக்கும் வந்திருக்கும். நம்மளுக்கு எது மறக்குது? கல்யாணத்துல மாமனார் போட்ட மோதிரம் அரைப் பவுனு கம்மின்னு இன்னும் ஞாபகம் இருக்கு."

அந்தப் பக்கம் விமான நிலையம் வரப்போவதாக வேனில் சொல்லியிருந்தார்கள். அது ஒரு தரம் வந்தது என்றார் கஜேந்திரன். வந்து, சுற்றிப் பார்த்தது. தண்ணீர் உப்பு என்று போய்விட்டது.

மாசிலாமணிக்கு அந்த வாரம் பெல்ட்டின் முன்னால் நிற்க முடியவில்லை. உடைந்த பிஸ்கட்டுகள் அவனைத் தாண்டிப் பாக்கெட்டுக்குள் போயின. அரை நாள் லீவு போட்டுவிட்டு ரூபனின் ஆபீசுக்குப் போனான். ஆபீஸ் போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது. கதவிலிருந்து மேஜை வரைக்கும் போக அவன் இரண்டு தரம் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது.

"வித்துரலாம்னு பாக்குறேன்" என்றான்.

"தாராளமா. விலை ஏறியிருக்கு சார்."

"அப்ப முடிச்சுக் குடுங்க."

"விக்கணும்னா அளக்கணும். அளக்கும்போது ஓனர் நின்னு பாக்கணும். அதான் ரூல்."

"நின்னு பாத்தா சுருங்குமே."

"சுருங்கும்."

"அப்ப விலை ஏறி எனக்கு என்ன பிரயோஜனம்?"

"ஏறியிருக்குன்னு தெரியுது இல்ல சார்? எத்தனை பேருக்குத் தெரியாமலே ஏறுது."

"உங்க ஆபீஸ் எப்படி இவ்ளோ பெருசா ஆச்சு?"

"நாங்க வாடகைக்கு இருக்கோம் சார். நாங்க பாத்தா ஒண்ணும் ஆகாது." ரூபன் டீ வரவழைத்தான். டீ வந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க. வெளியாள் பாத்தா சுருங்காது."

மறுநாளே மாசிலாமணி கஜேந்திரனிடம் பேசி முடித்தான். அவன் மனையை அவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பதிலாக அவர் தன் மனையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். மாசிலாமணி மாதம் ஒரு தரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் காலைச் சுற்றித் தடவிப் பார்த்து, கல் இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

"தடவுறது பாக்குறதுல சேராதே?"

"என் காலுய்யா அது. நான் சொல்றேன், சேராது."

அதன் பிறகு மாசிலாமணி ஞாயிற்றுக்கிழமைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தான். வீட்டுக்குள் நடக்க இடம் இல்லாததால் இருந்த இடத்திலேயே நடந்தான். மொசைக்கில் அவன் பாதம் பட்ட இடம் பள்ளமானது. வேணி அந்தப் பள்ளத்தில் உளுந்து ஊறவைத்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது. ஆனால் மனை வளர்கிறது என்று நினைத்தபோது கருகல்கூடத் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மனதுக்குள் ஒரு ஜன்னல் வைத்தான். ஜன்னலுக்குக் கீழே அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் வேணி. வேணிக்குப் பக்கத்தில் அவன், தண்ணீர் குடித்தபடி.

மாதம் முடிந்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு போனபோது கஜேந்திரன் உற்சாகமாக இருந்தார். அவருடைய கற்கள் விலகி இரண்டு கால்களும் ஊன்ற இடம் வந்திருந்தது. இடது கால் நெடுநாளைக்குப் பின் மண்ணைத் தொட்டதில் கூசுகிறது என்றார்.

"என்னுது எப்படிண்ணா இருக்கு?"

அவர் இடது காலை மண்ணில் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"வளந்திருக்கா?"

"நீ சத்தியமா வரலதானே?"

"வரல."

"உன் வீட்டுக்காரம்மா வருது. புதன்கிழமை புதன்கிழமை. குடை புடிச்சிக்கிட்டு நின்னு பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போகுது. நான் உனக்குத் தெரிஞ்சுதான் வருதுன்னு இருந்துட்டேன்."

மாசிலாமணி துண்டை அவிழ்க்கவில்லை. அப்படியே பஸ் ஏறினான். அம்பத்தூரில் இறங்கி, வீட்டு வாசலில் வந்துதான் அவிழ்த்தான். வேணி உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சமையலறைக்கு வெளியே நின்றான்.

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எதுக்கு?"

"நீங்க பாக்குறத நிறுத்திட்டீங்க. யாராவது ஒருத்தர் பாக்க வேண்டாமா? என் வளையல் அது."

"பத்திரத்துல உன் பேரும் இருக்குடி. நீ பாத்தாலும் சுருங்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீங்க தெரியாமலா போனீங்க?"

தோசை கருகியது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு சேர்ந்து போனார்கள். முதன்முறையாக அவர்களும் புளிசாதம் கட்டிக்கொண்டார்கள். மனையில் மிச்சம் இருந்ததில் இரண்டு பேர் ஒட்டி நிற்கலாம். உட்கார முடியாது. நாலு கல்லும் ரகசியம் பேசுகிற ஆட்களைப்போல் கூடி நின்றன. கஜேந்திரன், "ஏறிக்கோங்க, இடம் இருக்கு" என்றார், பஸ்ஸில் சொல்வதுபோல.

ஏறிக்கொண்டார்கள். வேணியின் முழங்கை அவன் விலாவில் குத்தியது. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. இத்தனை வருடத்தில் இருவரும் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றதில்லை.

"ரெண்டு பேரு நிக்கலாம்" என்றாள் வேணி. "அடுப்புதான் இல்ல."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா கண்ண மூடிக்குவோம்" என்றான். "நீ திறக்கக் கூடாது. நானும் திறக்க மாட்டேன். அண்ணா பாத்துக்குவாரு."

"உன்னுது இவ்ளோ சுருங்கிருச்சு. இப்ப உன்னுதப் பாத்தா, பக்கத்துல என்னுதும் கண்ணுல படுமேய்யா" என்றார் கஜேந்திரன். "இப்பதான் ரெண்டு கால் வந்திருக்கு. நானும் மூடிக்கிறேன்."

"அப்ப யாரு பாக்குறது?"

"அதான் ரிஸ்க்" என்றார் கஜேந்திரன், கண்ணை மூடியபடி.

மூன்று பேரும் மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விலாவில் குத்திக்கொண்டிருந்த முழங்கை விலகியது.

"நகந்தியா?" என்றான்.

"இல்லையே. நீங்க?"

"நானும் இல்ல."

"அப்ப வளருதுங்க." குரல் ஒரு சமையலறை தூரத்திலிருந்து வந்தது. நல்ல சமையலறை. மேடையும் ஜன்னலும் வைக்கலாம்.

"திறந்துரலாமாங்க? இது போதும்."

"திறந்தா சுருங்கும்டி."

"அப்ப எப்பதான் திறக்குறது?"

இதை அவன் ரூபனிடம் கேட்டிருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றான். "ஹால் வரட்டும்."

ஹால் வந்தது. அவள் குரல் வந்த தூரத்தைக் கொண்டு அவன் அளந்தான். ஹாலுக்குப் பின் ஒரு பெட்ரூம் வந்தது. கஜேந்திரன் இருமுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. எங்கோ ஒரு வேன் வந்து நின்றது. ரூபனின் குரல், "இந்தப் பக்கம் வாங்க சார், இதெல்லாம் நல்லா தூங்குற நிலம்" என்றது. கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. அது தன் மனையிலா, பக்கத்து மனையிலா என்று அவனுக்குத் தெரியவில்லை. இமைகள் துடித்தன. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வேணி, உன் பக்கம் யாராச்சும் தோண்டுறாங்களா?"

"என்னது?" அவள் இப்போது தெருமுனையில் நின்று கத்துவதுபோல் இருந்தது.

"தோண்டுறாங்களா?"

"கேக்கலைங்க. தாகமா இருக்கா? தண்ணி பாட்டில் என்கிட்ட இருக்கு."

தாகமாகத்தான் இருந்தது. அவள் இருந்த திசையில் கையை நீட்டினான். கைக்கு எதுவும் அகப்படவில்லை. எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். கிணறு வெட்டலாம். நாலு தென்னை வைக்கலாம். மாடியில் வாடகைக்கு விடலாம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஏரி.

"ஏங்க" என்று மிகத் தொலைவிலிருந்து அவள் கூப்பிட்டாள். "இங்க மழை பெய்யுதுங்க."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.