வாரின் வரவில்லை

ஐந்து முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் மன்றத்துக்கு வராதவன் ஓநாய் ஆகிவிடுவான் என்பது அந்த நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் அப்போது எல்லா ஊரிலும் இதுதான் நடைமுறை. நாலு வாரத்துக்கு ஒருமுறை மன்றம் கூடும். ஒவ்வொரு முறையும் பெயரைக் கூப்பிடுவார்கள். ஐந்தாவது முறையும் பதில் வராவிட்டால் அவன் தலை ஓநாய்த் தலை. பிறகு யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். கொன்றவனை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

வாரினை முதல் முறை கூப்பிட்டபோது அவன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

"இருக்கேன்" என்று எழுந்து நின்றான்.

எழுத்தர் ஜில்பர்ட் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் வாரின் இருக்கேன் என்றான். ஜில்பர்ட் இறகை மையில் தோய்த்து, வாரின் வரவில்லை என்று எழுதினார்.

எழுத்தருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று வாரின் நினைத்தான். மேசைக்கே போய், அவர் முகத்துக்கு எதிரே நின்று சொன்னான். ஜில்பர்ட் மைக்கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், அவன் முழங்கை பட்டுக் கொட்டிவிடக்கூடாது என்று. பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

மன்றம் கலைந்ததும் வாரின் அவரை வாசலில் பிடித்தான். ஜில்பர்ட் மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க வந்தது எனக்குத் தெரியுது. ஆனா வாரின் வரலை."

"நான்தான் வாரின்."

"அதை அவர் வந்து சொல்லணும்" என்றார் ஜில்பர்ட்.

வாரின் வைக்கோல் கூரை வேய்கிறவன். அவன் மாட்டிக்கொண்டதே ஒரு கூரையால்தான். வசந்தகாலத்தில் ஒரு நாள், பாலத்தை ஒட்டிய வீட்டுக் கூரையின் உச்சியில் உட்கார்ந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஹேமோ என்ற மாவு மில்காரர் பாலத்தில் நடந்து வந்தார். கிரேல் சகோதரர்கள் எதிரே வந்தார்கள். அவர்களில் தர்ஸ்டன் என்பவன் ஹேமோவை ஒரு தடியால் அடித்தான். ஹேமோ விழுந்தார், பிறகு எழவில்லை. சகோதரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். மேலிருந்து பார்த்தபோது எல்லாம் மிகச் சின்னதாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் சின்னதாக இல்லை.

கிரேல் சகோதரர்கள் ஆறு பேர். காடு அவர்களுடையது. மூத்தவர் ஓடோ, பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பூசை வைப்பார், மற்ற நாட்களில் தம்பிகளோடு வழிப்பறி செய்வார். பறிகொடுத்தவர்கள் தங்களுக்குக் கோபம் வந்த பாவத்தை அவரிடமே அறிக்கையிட்டு மன்னிப்பு வாங்கிப் போவார்கள். ஏதாவது வேண்டுமென்றால் சகோதரர்கள் அரசர் எழுதுகிற தோரணையிலேயே கடிதம் எழுதி, முத்திரை வைத்து அனுப்புவார்கள். அரசரின் கடிதத்துக்குக்கூடப் பதில் போடத் தாமதிப்பவர்கள் அதற்கு உடனே பதில் போட்டார்கள். இரண்டு வருடம் முன்பு நீதிபதியையே கடத்திக்கொண்டு போனார்கள். அவருடைய அங்கியும் தொப்பியும் மட்டும் நாற்காலியில் கிடந்தன. அடுத்த நாள் மன்றம் வழக்கம்போல் கூடியது. அங்கி தீர்ப்புச் சொன்னது. முன்பைவிட வழக்குகள் சீக்கிரம் முடிகின்றன என்று பலர் சந்தோஷப்பட்டார்கள்.

ஹேமோ ஜூரியில் ஒருவர். பன்னிரண்டு பேரில் அவர் மட்டும் சகோதரர்கள் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்றார். அதற்குத்தான் அந்த அடி.

வாரின் பார்த்ததைப் பார்த்தபடி ஷெரீஃபிடம் போய்ச் சொன்னான். ஷெரீஃப் பொறுமையாகக் கேட்டார். கொலை செய்தவனைப் பதிகிற தோல்சுருளில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது, ஆறு பேரை எழுத முடியாது என்று வருத்தப்பட்டார். இதையெல்லாம் சொல்வது யார் என்று கேட்டார். வாரின் தன் பெயரைச் சொன்னான். அது சரியாக அந்த இடத்துக்குப் பொருந்தியது.

இரண்டாம் அழைப்புக்கு வாரின் தன் மனைவி ஆவிஸைக் கூட்டிக்கொண்டு போனான். ஆவிஸ் உயரமானவள், யாருக்கும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லாதவள். ஜில்பர்ட் கூப்பிட்டதும் அவள் எழுந்து, என் புருஷன் இதோ இருக்கிறான் என்றாள்.

எங்கே என்று ஜில்பர்ட் கேட்டார்.

அவள் வாரினின் தோளில் கையை வைத்தாள். மனைவி கையை நீட்டினாள் என்று ஜில்பர்ட் எழுதிக்கொண்டார். பிறகு அங்கியைப் பார்த்தார். அங்கி அசையவில்லை.

"உன் புருஷன் உன் கையில செத்தானா?"

"இல்லை. உயிரோட இருக்கான்."

"புருஷன் தன் கையில செத்தாத்தான் பெண் மன்றத்துல பேசலாம்" என்றார் ஜில்பர்ட். "செத்த பிறகு வா."

இருவரும் ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். வழியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வாரினைக் கண்டதும் தலையைத் தூக்கின. பிறகு எல்லாம் சேர்ந்து பாதையின் மறுபக்கம் ஒதுங்கி நின்றன. ஆவிஸ் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் நடந்தாள்.

அதன்பின் ஊரில் அவனைப் பற்றி, செத்தவனைப்போல, இருந்தான் என்றே பேசினார்கள். அவன் பாதி வேய்ந்திருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர் ஆவிஸிடம் வந்து, மீதியை இனி யார் முடிப்பது என்று துக்கத்தோடு விசாரித்தார். வாரின் அப்போது அந்த வீட்டு ஏணியில்தான் நின்றிருந்தான். நான் முடிக்கிறேன் என்று மேலிருந்து சொன்னான். நல்ல வேலைக்காரனாக இருந்தான் என்று அவர் ஆவிஸுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பாதையும் நீளத் தொடங்கியது. மன்றம் இருந்த நகரம் அவர்கள் ஊரிலிருந்து அரை நாள் நடை. மூன்றாம் முறை அவனுக்கு இரண்டு நாள் ஆனது. அதே ஆறு, அதே சிலுவைக்கல், அதே மரம் இல்லாத வெட்டவெளி. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடம் வந்திருந்தது. பாதை வருகிறவர்களுக்காகப் போட்டது என்று எதிரே வந்த ஒருவர் சொன்னார்.

நாலாம் அழைப்புக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பினான். செருப்பு தேய்ந்து, கால் கிழிந்து போய்ச் சேர்ந்தபோது மன்றம் அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது. ஜில்பர்ட் இன்னும் கூப்பிடவில்லை. வாரின் மேசையை எட்டிப் பார்த்தான். வாரின் வரவில்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. மை காய்ந்தும் விட்டது.

அன்று அவன் இருக்கேன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் நின்றபோதும் எந்த வித்தியாசமும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து, காட்டுக்குப் போகப்போகிறேன் என்று ஆவிஸிடம் சொன்னான். செய்தவர்களிடமே போய்க் கேட்டுவிடலாம், அவர்களாவது காது கொடுப்பார்கள் என்றான். ஆவிஸ் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வேறு மாவட்டத்துக்குப் போய்விடலாம், கூரை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவன் தலையசைத்து மறுத்தான். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, ஆமாம் நீ வந்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டும் அவனுக்கு.

"நான் சொல்றேனே" என்றாள் ஆவிஸ். "நீ வந்திருக்கே. உட்கார். சாப்பிடு."

அவன் உட்கார்ந்தான், சாப்பிட்டான். காலையில் கிளம்பினான்.

காட்டுக்குப் போகிற பாதை நீளமாக இல்லை. மன்றத்தின் பின்கதவைத் திறந்தால் காடு. இத்தனை நாள் அதை யாரும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மரங்களுக்கு நடுவே ஒரு மன்றம் நடந்துகொண்டிருந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் நீதிபதி உட்கார்ந்திருந்தார். உள்சட்டை மட்டும் போட்டிருந்தார். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கிரேல் சகோதரர்கள். மறுபக்கம் நகரத்து ஜூரியில் இருந்த அதே பதினோரு பேர். தோல்சுருளை முழங்காலில் விரித்துக்கொண்டு ஜில்பர்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். வாரினைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

பாதிரியார் ஓடோ எழுந்தார்.

"வாரின்" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்."

ஜில்பர்ட் எழுதினார். வாரின் வந்தான் என்று எழுதியதை அவன் தலைகீழாக, கண்ணால் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ அவனுக்கு உட்கார ஒரு கட்டையை நகர்த்திப் போட்டார்கள். தர்ஸ்டன்தான்.

நடந்ததையெல்லாம் வாரின் சொன்னான். கூரை, பாலம், தடி. அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் இருமக்கூட இல்லை. ஒரே அடி என்று அவன் சொன்னபோது தர்ஸ்டன் கையைத் தூக்கினான்.

"ரெண்டு. முதல் அடி தோள்ல பட்டது. கூரையிலேர்ந்து தெரிஞ்சிருக்காது."

நீதிபதி அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தீர்ப்பு வந்தது. ஹேமோவைக் கொன்றது தர்ஸ்டன். வாரின் குற்றமற்றவன், உண்மை பேசினவன். பதினோரு பேரும் ஆமாம் என்றார்கள். தர்ஸ்டனும் ஆமாம் என்றான். இவ்வளவு நேர்மையான தீர்ப்பை வாரின் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

இதை நகரத்தில் எப்போது படிப்பீர்கள் என்று அவன் கேட்டான்.

நீதிபதி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். "அங்கே தீர்ப்பு சொல்றது என் அங்கி" என்றார். "நான் சொல்றது அந்த ஓக் மரம் வரைக்கும்தான் செல்லும்."

ஓக் மரம் இருபதடி தள்ளி இருந்தது.

ஓடோ வாரினின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் நிதானமாக விளக்கினார். ஜூரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பதினோரு பேர் ஜூரி ஆக மாட்டார்கள், அது சட்டத்துக்கு விரோதம். உண்மை பேசினவன் என்று தீர்ப்பு வாங்கிய ஓர் ஆள் இப்போது கிடைத்திருக்கிறான். அவன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் எழுதியது எழுதியபடி இருக்கும்.

உட்காராவிட்டால் என்று வாரின் கேட்டான்.

ஓடோ ஜில்பர்ட்டைப் பார்த்தார். ஜில்பர்ட் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். தோலில் தப்பாக எழுதியதைச் சுரண்டி எடுக்கிற கத்தி. அதை வாரினின் பெயர்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

வாரின் சரி என்றான்.

ஐந்தாம் அழைப்பு நாளில் அவன் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தான். நல்ல இடம். பின்னால் சாய்ந்துகொள்ளலாம். ஆவிஸ் முன்பு உட்கார்ந்த பெஞ்சில் இருந்தாள். அவனை ஒரு தடவை பார்த்தாள். பார்வை அங்கே நிற்கவில்லை.

ஜில்பர்ட் வாரின் என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது.

மன்றத்தின் கடைசியில் ஒருவன் எழுந்து நின்றிருந்தான். தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. செருப்பு கிழிந்திருந்தது. வெகுதூரம் நடந்து வந்தவனைப்போல் மூச்சு வாங்கினான். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் கையைத் தூக்கினான். மூன்றாவது தடவை இரண்டு கையையும் தூக்கினான்.

இவ்வளவு மெல்லிய குரலா என்று வாரினுக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளிருந்து கேட்டபோது பெரிதாக இருந்ததே.

வந்திருக்கிறானா என்று ஜில்பர்ட் ஜூரியைக் கேட்டார். ஒவ்வொருவராக, வரலை என்றார்கள். பதினோரு தடவை. பிறகு எல்லோரும் வாரினைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற மனிதனும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதைத்தான் வாரினால் தாங்க முடியவில்லை.

வந்திருக்கிறான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். ஜில்பர்ட்டின் கத்தி மேசையில் இருந்தது.

"வரலை" என்றான்.

அங்கியின் வலது கை லேசாக அசைந்தது. ஜில்பர்ட் எழுதினார்.

ஆவிஸ் எழுந்தாள். நேரே கடைசிக்குப் போனாள். அந்த மனிதனின் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, அவன் கையைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். வெளியே ஆடுகள் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்று மத்தியானமே பன்னிரண்டு பேருக்கும் தடி கொடுத்தார்கள். ஓடோ முன்னால் நடந்தார். ஓநாயின் வீட்டுக்கு வழி தெரியுமா என்று வாரினைக் கேட்டார். தெரியும் என்றான். அரை நாள் வழி அன்று கால்மணி நேரத்தில் முடிந்தது.

கதவைத் தட்டியதும் ஆவிஸ் வந்து முழுதாகத் திறந்தாள். எதையும் மறைக்கவில்லை. உள்ளே மேசையில் அந்த மனிதன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்திருந்தான். வாசலில் நின்ற எல்லோருக்கும் அவன் நன்றாகத் தெரிந்தான். வாரின் பார்த்துக்கொண்டே நின்றான். பசியோடு இருந்தவன் மெல்ல மெல்லச் சாப்பிடுவது தெரிந்தது.

"வாரின் இங்கே வந்தானா?" என்று ஓடோ கேட்டார்.

"வரலை" என்றாள் ஆவிஸ்.

ஓடோ மேசையைப் பார்த்தார். தர்ஸ்டன் தடியைத் தோளில் மாற்றிப் போட்டான். ஆவிஸ் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அஞ்சு தடவை நீங்களே எழுதியிருக்கீங்க. இல்லாதவன் எப்படி இங்கே வருவான்? வந்திருக்கான்னு இவங்க பன்னிரண்டு பேரும் சொல்லட்டும். அப்புறம் அஞ்சையும் சுரண்டுங்க."

ஓடோ ஜில்பர்ட் பக்கம் திரும்பினார். உள்ளே கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் மட்டும் வந்தது. ஜில்பர்ட் தோல்சுருளை விரித்துப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். அவள் சொல்வது சரி என்று தாழ்ந்த குரலில் ஓடோவிடம் சொன்னார். ஓடோ அவளை ஆசீர்வதித்தார். தடிகளை வாங்கிக்கொண்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

வாரின் மட்டும் போகவில்லை. அவளிடம் சொல்ல ஏதோ இருந்தது. என்னவென்று அவனுக்கு உடனே வரவில்லை. ஆவிஸ் காத்திருந்தாள். கோபமில்லாத முகம். வாசலில் தயங்கும் அந்நியரிடம் காட்டுகிற இரக்கம் அதில் இருந்தது.

"மழை வரும்போல இருக்கு" என்றாள். "நீங்க கிளம்புங்க."

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் அவனை ஒரு தடவைகூட நீங்க என்று சொன்னதில்லை.

அவன் சரிங்க என்றான். கதவு சாத்தப்பட்டது. முன்னால் போன பதினோரு பேரை எட்டிப் பிடிக்க அவன் வேகமாக நடக்க வேண்டியிருக்கவில்லை. காடு பக்கத்திலேயே இருந்தது.