கொக்கியின் முதுகில் அக்கா

மூட்டையை இறக்கி வைத்த பிறகும் சுமைதூக்கி கொக்கியின் முதுகில் பாரம் இறங்கவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தானியக் கிடங்கின் எடைக்காரர் அவனைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். முள் இரண்டு ஆள் எடை காட்டியது. முள்ளைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினார். "பழுது தராசுல இல்லப்பா," என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குப் போனார்.

கிடங்கைப் பெருக்க வந்துகொண்டிருந்த, செத்துப்போன அக்காதான் அது என்று கொக்கிக்குத் தெரியும். காதோரம் ஈரச் சாக்கு வாசனை அடித்தது.

உயிரோடு இருந்தபோது அக்கா டீ நேரத்தில் எல்லோரையும் ஆளுக்கொரு பிடித்த விஷயம் சொல்ல வைப்பாள். அவளுக்குக் குறுக்கெழுத்து, பழைய பேப்பரில் யாரோ பாதியில் விட்டதை முடிப்பாள். எடைக்காரர் தமக்குப் பிடித்த வேலை உட்காருவது என்றார். "அதைத்தான் தினமும் பாக்குறோமே," என்றாள். எவ்வளவு தூக்குவாய் என்று கொக்கியைக் கேட்டவர்கள் உண்டு. என்ன பிடிக்கும் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கொலை வழக்குப் புத்தகங்கள், நிஜமாக நடந்தவை, என்று கூச்சத்தோடு சொன்னான். வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்ட கிழவர் ஒருவரின் வழக்கை நாளுக்குக் கொஞ்சமாக அவளுக்குச் சொன்னான். கொலைகாரன் யார் என்ற இடம் வந்ததும் அக்கா மறித்தாள். "வாய மூடுடா. நானே கண்டுபிடிக்கிறேன்." மறுநாள் காலை மூட்டை அடுக்கு சரிந்து அவள்மேல் விழுந்தது.

அடக்கம் முடிந்த அன்றே முதுகில் ஏறிவிட்டாள். டீ நேரம் வந்தால் காதுக்குள் கேட்பாள். சமையல்காரனா? இல்லக்கா. வக்கீலா? இல்லக்கா. கிடங்கு பழகிக்கொண்டது. அவனுக்குச் சுமையைக் குறைத்தார்கள், இரண்டு டீ வைத்தார்கள், இரண்டும் காலியாயின. அவன் தலை நரைத்தது, முதுகு வில்லாக வளைந்தது. விடை கிடைத்தால் அக்கா இறங்கிப் போய்விடலாம். அதற்காகத்தான் அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மழைநாளில் அக்கா சொன்னாள்: "கெழவர் கண்ணாடிகூடப் போடாம கதவத் தொறந்தாருன்னியே. கொரல வச்சே தெரிஞ்ச ஆளு. மருமகன்தானேடா?"

பாரம் லேசாகத் தொடங்கியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இடுப்பு வலி விட்டது. அந்த லேசு கொக்கியைக் கிலிகொள்ள வைத்தது.

"இல்லக்கா," என்றான்.

பாரம் திரும்ப உட்கார்ந்தது. "அப்ப மொதல்லேருந்து சொல்லு," என்றாள் அக்கா, அலுத்துப்போன குரலில்.

இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு அவன் தரவேண்டியது ஒரு 'ஆமா'. அது இன்னும் பாக்கி.