பதினாலாம் கல்லின் கடைசி வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் கரு என் நாத்தனாருடையது. பழைய தேவாலயங்களில் கல்லறைக் கற்களின் தேய்ந்த லத்தீன் எழுத்துகளைப் படித்துப் பட்டியல் போடுவது அவள் வேலை. போன மாதம் சாப்பாட்டு மேஜையில் தன் தொழிலின் விதி ஒன்றைச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அப்படியே எழுதலாம். தேய்ந்துபோன இடத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிப்பதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்.

"அடைப்பு போட மறந்துட்டா?" என்று கேட்டேன்.

"மறக்கக் கூடாது அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி முழுவதும் என் இட்டுக்கட்டல்.

2

தொடக்கம்: மழை ஓய்ந்த மாலையில், பாசி படர்ந்த அந்தக் கல்லறைகளின் நடுவே அவள்...

வேண்டாம். மழை பெய்தால் எழுத்தாளருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

இன்னொரு தொடக்கம்: தேய்ந்த கல்லுக்கு நேராக விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடிக்க வேண்டும். அப்போது பள்ளங்களில் நிழல் விழும். அந்த நிழலைத்தான் படிப்பது. அப்படியே தவழ்ந்து திரிந்ததால் தேவாலயத்தில் எல்லோருக்கும் அவள் டார்ச்சக்கா. ஐம்பத்தைந்து வயது, மூட்டு வலி, முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய தலையணை.

(முதல் பிரதியில் இவளை விதவையாக்கியிருந்தேன். துக்கப்பட்டவளுக்குத்தான் கல்லறை பிடிக்கும் என்று நினைத்தது என் சோம்பேறித்தனம். இப்போது கணவர் சௌக்கியம். குறட்டைகூட விடுகிறார்.)

3

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டார்ச்சக்கா அந்தத் தேவாலயத் தரையில் பதித்திருந்த நூற்றுப் பன்னிரண்டு கற்களைப் படித்தாள். பதினாலாம் கல் ஒன்பது வயதுப் பெண் குழந்தையுடையது. கடைசி வரி நீள பெஞ்சுக்கு அடியில் இருந்தது. டார்ச்சைச் சாய்க்க இடமில்லை. யாரோ கல்லை வைத்ததாக ஒரு சொல்லைப் படிக்க முடிந்தது, வைத்தது யார் என்பது மட்டும் தெரியவில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அம்மாவைத் தவிர வேறு யார் கல் வைப்பார்கள்? 'தாய் வைத்தாள்' என்று எழுதினாள். அது ஊகம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் அடைப்பும் இல்லாமல் பட்டியலில் அச்சாகிவிட்டது.

அந்தப் பக்கத்தை ஒரு தையல்காரி கத்தரித்து ஊசி டப்பாவில் வைத்திருக்கிறாள். அவள் மகளும் ஒன்பது வயதில் இறந்துபோனவள். தையல்காரி இனி திரும்பிப் போகவே முடியாத ஒரு நாட்டில் கிடக்கிறாள். அங்கே அம்மாவால் ஒரு கல்கூட வைக்க முடியவில்லை. அதனால் புதன்தோறும் மதியம், கழுத்தில் அளவு டேப்போடு, இங்கே வந்து நிற்கிறாள். ஓர் அம்மா வைத்த கல் என்பதற்காக.

இந்த வாரம் தரை வேலைக்காகப் பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். டார்ச்சக்கா விளக்கைச் சாய்த்தாள். கடைசி வரி தெளிவாகத் தெரிந்தது. அதில் தாய் இல்லை.

4

சொல்லாமல் விட்டால்தான் என்ன? புதிய பட்டியலில் 'தாய்' என்பதைச் சுற்றி அடைப்பு மட்டும் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இப்படி ஒரு முடிவை எழுதி, இரண்டு நாள் வைத்திருந்தேன். தையல்காரியைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் டார்ச்சக்கா பார்த்துவிட்டாளே. பார்த்ததை மறைக்க அடைப்பு கிடையாது.

5

புதன்கிழமை.

"பெஞ்செல்லாம் எடுத்துட்டாங்களா அக்கா? இனிமே பக்கத்துலயே நிக்கலாம்" என்றாள் தையல்காரி.

"உக்காரும்மா. ஒண்ணு சொல்லணும். என் மேல கோவப்பட்டாலும் பரவாயில்ல."

டார்ச்சைச் சாய்த்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்தாள்.

"அம்மா வெச்சாங்கன்னு நானா எழுதினது. கல்லுல அப்படி இல்ல. 'முன்பின் தெரியாதவங்க வெச்சாங்க'ன்னு இருக்கு."

"அப்ப அவ அம்மா?"

"கல்லுல எங்கயும் இல்லம்மா."

"யாரோ எவரோவா வெச்சாங்க?"

"ஆமா. யாரோ."

தையல்காரி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். பிறகு

6

பிறகு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கத்தினாள். ஒன்றில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஒன்றில் பேசவே இல்லை. நான்காவதை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனாலேயே அதை நம்ப பயமாக இருக்கிறது. அது என் ஆசை. அவள் வாயிலிருந்து நான் கேட்டதல்ல. ஆகவே நாத்தனாரின் விதிப்படி எழுதுகிறேன்:

["அப்ப அங்க என் பொண்ணுக்கும் யாராச்சும் இருந்திருப்பாங்க, இல்லக்கா?"]

உங்களுக்கு வேறு தோன்றினால் இதை அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.