பத்தில் எத்தனை

ஆறு வருடமாக நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது ஒரே கேள்விதான். என் கையில் இருக்கும் அட்டையில் ஏதாவது ஒரு நோயாளியின் நிலை எழுதியிருக்கும். "இப்படியே பத்து வருஷம் இருக்கணும்னு வெச்சுக்குங்க. முழுசா குணமாகணும்னா அந்தப் பத்துல எத்தனை வருஷத்த விட்டுக்கொடுப்பீங்க?" என்று கேட்டு ஒரு மரப்பலகையை நீட்டுவேன். அதில் பூஜ்யம் முதல் பத்து வரை கோடுகளும் நகரக்கூடிய ஒரு சிவப்பு முள்ளும் இருக்கும். பதில் சொல்கிறவர் முள்ளைத் தள்ள வேண்டும்; பத்தில் நிறுத்தினால் அப்படி வாழவே வேண்டாம் என்று பொருள். நான் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பிறகு முள்ளை எதிர்முனையில் வைத்து மறுபடி கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துவந்தால்தான் அவருக்குக் கேள்வி புரிந்தது என்று இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் எங்கள் சுகாதார அலுவலகம் ஒத்துக்கொள்ளும். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்பதும் விதி.

அந்த விதியை நான் சேர்ந்த வாரமே மீறினேன். பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல் அண்ணனை உட்காரவைத்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பேச முடியாது, வலது பக்கம் அசையாது, சாப்பாடு வயிற்றில் வைத்த குழாய் வழியாக என்று அட்டையில் இருந்தது. அவன் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. முள்ளை ஒரே தள்ளாகப் பத்துக்குத் தள்ளினான்.

"பத்தையும் நீயே எடுத்துக்கோ. பேச முடியாம நான் இருந்து என்ன பண்ண?"

"ஒரு வாரம் பேசாம இருந்து பாருங்க, என் காதாவது பிழைக்கும்" என்றாள் அண்ணி. மூவரும் சிரித்தோம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அந்த அட்டையில் இருந்தபடியே ஆகிவிட்டான்.

நேற்று டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "மூக்குக் குழாய ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது. வயித்துல குழாய் வெச்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம், வருஷக்கணக்குல இருப்பார். வேண்டாம்னா வலியில்லாம பாத்துக்குவோம், கொஞ்ச நாள்தான். அவர்கிட்ட கேட்டாச்சு. இருக்கணுமான்னாலும் தலையாட்டறார், போதுமான்னாலும் தலையாட்டறார். புரியுதான்னே தெரியல. முன்னாடி எப்பவாவது இதப்பத்திப் பேசியிருக்காரா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். "இவ பலகையில சொல்லியிருக்கார். பத்தையும் விட்டுடுவேன்னார்."

"ஆமா" என்றேன் நான். சாட்சி சொல்வது போலச் சொன்னேன். குழாய் வேண்டாம் என்று மறுநாள் மதியம் கையெழுத்துப் போடுவதாக முடிவானது.

இன்று காலையில் பெயின்ட் கடைக்காரர் ஒருவரிடம் அதே அட்டையைக் கொடுத்தேன். அவர் முள்ளைப் பத்துக்குத் தள்ளிவிட்டு, "அவ்ளோதானா? கடைக்கு ஆள் வந்தாச்சு" என்றார். யோசித்த நேரத்தை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மூன்று விநாடி என்று எழுதினேன். அலுவலகத்தில் யாரும் அந்தக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. அண்ணனும் மூன்று விநாடிதான் எடுத்துக்கொண்டிருப்பான். அந்த மூன்று விநாடியை நம்பி அவனை வழியனுப்பவிருந்தேன். பலகையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இன்னும் அவரப் பாடாப்படுத்தணுமா?" என்றாள் அண்ணி. மூன்று வாரமாகத் தூங்காத கண்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

பலகையை அண்ணனின் இடது கைக்குக் கீழே வைத்து, முள்ளைப் பத்தில் நிறுத்தினேன். அட்டை தேவைப்படவில்லை.

"அண்ணா, இப்ப இருக்கிற மாதிரியே பத்து வருஷம். முழுசா குணமாகணும்னா எத்தனைய விடுவே? மொத்தத்தையும் விடறதுன்னா பத்துலயே இருக்கட்டும். ஒண்ணும் விடமாட்டேன்னா பூஜ்யம்."

விரல் முள்ளைத் தொட்டது. ஒன்பது. எட்டு. நின்றது. வாயோரம் வழிந்ததை அண்ணி துடைத்தாள். மறுபடி நகர்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. முள் இரண்டில் நின்றது.

டாக்டர் வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். நான் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, அதே கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் கேட்டேன். ஒன்று. இரண்டு. அங்கேயே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"எட்டு வருஷம் கேக்கறார்" என்றாள் அண்ணி, டாக்டரிடம். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் அவர முடிச்சிருப்பேனே."

"குழாய்க்கு எழுதிடறேன்" என்றார் டாக்டர்.

பலகையை எடுக்கப் போனேன். அண்ணன் விடவில்லை. அதை என் பக்கமாகத் தள்ளி, விரலால் என்னைக் காட்டினான். உன் பதில் என்ன என்கிறான். ஆறு வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

கோணிய வாயையும் போர்வைக்குள் செத்துக் கிடந்த வலது கையையும் பார்த்தேன். அவன் பதிலையே நானும் சொல்ல ஆசைதான். ஆனால் இந்தப் பலகையில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் விரல் முள்ளை ஒன்பதுக்குத் தள்ளியது.

அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, முள்ளை மறுபடி இரண்டில் கொண்டுவந்து வைத்தான்.