கம்பளத்தின் மூலையில் இரண்டு எழுத்து

பரமேஸ்வரி கதவைத் திறந்தபோது இராஜேந்திரன் தோளில் ஒரு பெரிய சுருளோடு நின்றான். டாவோஸிலிருந்து மூன்று இடத்தில் ரயில் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெண் கேட்டு வருகிறவன் பழத்தட்டோடு வருவான். இந்தச் சுவிஸ் நாட்டில் குறைந்தது ஒரு சொக்லட் பெட்டியாவது கொண்டு வருவான். இவன் சாக்குச் சுருளோடு வந்திருக்கிறான்.

ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுப்பதில்லை என்று அவள் முடிவெடுத்து மூன்று மாதமாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஊரில். இங்கே எம்மன்புரூக்கேயில் ஜெயமலருக்குத் தாயும் தகப்பனும் அவள்தான். "அக்கா ஓம் எண்டால்தான் கலியாணம்" என்று ஜெயமலரே அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்த 'ஓம்' வாங்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறான். தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாகவே 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று பரமேஸ்வரி நினைத்திருந்தாள்.

அவனோ தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையைக் கொஞ்ச நேரம் தரமுடியுமா என்று கேட்டான்.

"இது உங்கட வீட்டுக்குத்தான் அக்கா. கரை மட்டும் முடிக்கக் கிடக்கு. எங்கட அறையில நாலு பேர், மேசை வைக்க இடமில்லை."

மேசையில் விரிந்ததைப் பார்த்து அவள் மூக்கைச் சுளித்தாள். சணல் துணியில் கம்பளித் துணியை நீளநீளமாக வெட்டிய கீலங்களைக் கொக்கியால் வளையம் வளையமாக இழுத்து நிரப்பிய கம்பளம். நடுவில் ஒரு குதிரை, நாலு காலும் நாலு நீளம். சுற்றிவர மங்கிப்போன சிவப்புப் பூக்கள்.

"ஆற்ற வீட்டில எறிஞ்சு கிடந்தது?"

"நான் செய்தது அக்கா. எங்கட முதலாளியின்ர மனிசி கனடாக்காரி. நவம்பரில ஹோட்டல் பூட்டிக் கிடக்கேக்க எங்களுக்குப் பழக்கினவ. மற்றப் பெடியங்கள் ஒரு கிழமையில விட்டிட்டாங்கள்."

"அவங்களுக்கு மூளை இருந்திருக்கு. புதுசெண்டால் ஏன் இப்பிடி ஊத்தையாக் கிடக்கு?"

"நூறு வருஷத்துக்கு முந்தின மாதிரிச் செய்யிறது அக்கா. பழைய கோட்டு, போர்வை எல்லாத்தையும் வெட்டி, தேயிலைத் தண்ணியில அவிச்சனான். அப்பத்தான் நிறம் அடங்கும்."

"சனம் பழசைப் புதுசாக்கப் பாடுபடுது. நீர் புதுசைப் பழசாக்க நல்ல தேயிலையைக் கொட்டியிருக்கிறீர்." பரமேஸ்வரி சிரித்தாள். "குதிரையையும் சேர்த்தோ அவிச்சனீர்? ஒரு கால் சுருங்கிப் போச்சு."

குசினி வாசலில் நின்ற ஜெயமலர் உதட்டைக் கடித்தாள். இராஜேந்திரனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் பரமேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. ரோசமுள்ள ஆம்பிளைக்கு முகம் கறுக்கவேண்டாமோ?

அவன் குனிந்து வேலையைத் தொடங்கினான். மிஞ்சி நின்ற சணல் துணியை மடித்து, மடிப்புக்குள் ஒரு கயிறை வைத்து, அதற்கு மேலால் தடித்த மண்ணிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றித் தைத்தான். ஒரு பக்கம் முடிய ஒரு மணித்தியாலம். பரமேஸ்வரி சோபாவில் இருந்து, பரீட்சை மண்டபத்து ரீச்சரைப் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நேரத்துக்கு டொச் பாஷை படிச்சிருந்தால் ஒரு நல்ல வேலையில இருந்திருப்பீர்."

"டொச்சும் படிக்கிறன் அக்கா."

"அதுவும் இந்தக் குதிரை மாதிரித்தான் நொண்டும்."

கடைசி மூலையை அவன் தன் பக்கம் திருப்பியபோதுதான் அவள் அதைக் கண்டாள். பூக்களுக்குக் கீழே இரண்டு எழுத்து: ஜெ, இ. அடியில் 1996.

"இதென்ன?"

"பழைய கம்பளங்களில பேரும் வருஷமும் போடுறது வழக்கம் அக்கா. செய்தவையின்ர பேர்."

"செய்தது நீர். 'ஜெ' எங்கயிருந்து வந்தது?"

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"பேச்சு எடுக்கேல்லை, நாள் பாக்கேல்லை, நான் இன்னும் வாயே திறக்கேல்லை. நீர் பேரைப் பொறிச்சுக்கொண்டு வந்து என்ர மேசையில விரிக்கிறீர். என்னை என்ன, எல்லாம் முடிஞ்ச பிறகு முத்திரை குத்திற ஆளெண்டோ நினைச்சனீர்?"

எட்டி ஒரு கீலத்தின் நுனியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு ஒன்றும் இல்லாத வேலை, சரசரவென்று வந்தது. 'ஜெ' போனது. 'இ'யும் போனது. வெறும் சணல் பல்லிளித்தது.

அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் கதவைக் காட்டிவிடலாம்.

"கேக்காமல் போட்டது என்ர பிழைதான் அக்கா," என்றான். "அந்த இடத்தை மண்ணிறத்தால நிரப்பிவிடுறன்."

முள்ளந்தண்டில்லாத பிறவி, என்று பரமேஸ்வரி மனதுக்குள் சொன்னாள். இழுத்தவுடன் விட்டுக்கொடுக்கிறவன் நாளைக்கு என்ர தங்கச்சிக்காக ஆரோடு நிற்பான்?

அப்போது ஜெயமலர் வந்தாள். அக்காவின் கைக்குள் கசங்கிக் கிடந்த கீலங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேசையருகே உட்கார்ந்து அவனிடம் கையை நீட்டினாள்.

"கொக்கியைத் தாங்கோ."

"மலர்!"

"அவர் உங்களைக் கேக்கேல்லை எண்டு கோவிக்கிறியள். என்னையும்தான் கேக்கேல்லை. 'இல்லை' எண்டு நீங்கள் முடிவெடுத்து மூண்டு மாதம். நீங்களும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை அக்கா. நான் ஆற்றையும் மேசையில கிடக்கிற சாமானோ?"

இராஜேந்திரன் தலையைக் குனிந்தான். ஜெயமலர் அவனையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீலத்தைத் துணிக்கு அடியில் பிடித்து, கொக்கியைக் குத்தி, இழுத்தாள். முதல் வளையம் துள்ளி உயரமாக நின்றது. அடுத்தது உள்ளே போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. போட்டது முதலில் 'இ'. அதற்குப் பக்கத்தில் 'ஜெ'.

பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் வளர்த்த தங்கச்சி தன் கையிலிருந்து ஒரு பொருளைப் பறித்ததைப் பரமேஸ்வரி இன்றுதான் கண்டாள். சொல்லவென்று வைத்திருந்த 'இல்லை' வாய்க்குள்ளேயே கிடந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"கண்கொண்டு பாக்கேலாது. ஒண்டு மலை, ஒண்டு கிடங்கு. இதை என்ர வீட்டில விரிச்சால் வாற சனம் காறித் துப்பும். இழு. இழுத்துப்போட்டுத் திருப்பிப் போடு."

"இதே எழுத்தையோ அக்கா?"

"பின்னை, என்ர பேரையோ போடப்போறாய்?" அவள் இராஜேந்திரன் பக்கம் திரும்பினாள். "நீர் ஏன் விறைச்சுப் போய் நிக்கிறீர்? உம்மட எழுத்தாவது நேராக் கிடந்தது. எப்பிடிப் போடுறதெண்டு இவளுக்குக் காட்டும். சாதகம் கொண்டு வந்தனீரோ?"

"இல்லை அக்கா."

"அதுதானே பாத்தன். திங்கக்கிழமை தபாலில போடும்," என்றாள், ஒரு துண்டுக் காகிதம் தேடிக்கொண்டே. "விலாசத்தையாவது பிழையில்லாமல் எழுதத் தெரியுமோ, அதையும் நான்தான் எழுதித் தரவேணுமோ?"