கல்யாண ரொட்டி

கணவன் இறந்த பிறகு நுன்சியா அன்றுதான் மறுபடியும் வெளியூர்க்காரர்களுக்குப் பலெர்மோ நகரைச் சுற்றிக்காட்ட வந்தாள். வறுத்த மாட்டு மண்ணீரலை நடுவில் வைத்துத் தரும் ரொட்டிக் கடையை நெருங்கும்போது அவள் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டாள். அங்கே பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி ‘கல்யாணமானது’, வைக்காதது ‘கன்னி’. கடைக்காரன் கலோஜெரோ எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்பானே!

“ஐயாவுக்கு எது? கல்யாணமானதா, கன்னியா?”

“கன்னியே குடுப்பா. கல்யாணமானது வீட்ல ஒண்ணு இருக்கு, அதுவே போதும்!” என்றார் மிலானிலிருந்து வந்திருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நுன்சியாவின் முறை வந்தது. கலோஜெரோ கேட்கவில்லை. பாலாடைக்கட்டியை அள்ளித் தூவி ரொட்டியை நீட்டினான்.

“உனக்கு என்னைக்கும் கல்யாணமானதுதான், தாயி. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, ரொட்டியை இரு கைகளாலும் வாங்கினாள்.