வாய் தெரியும் கவசம்

சலவைக்கூடத்தில் அவளுக்குச் ‘சத்தம்’ என்று பெயர். பதினோரு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு உயிரை மட்டும் விட்டுப் போயிருந்தது. அதற்குள் பேச்சு நன்றாகப் பழகியிருந்ததால் பேசுவாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எதைச் சொன்னாலும் கத்தலாகத்தான் வரும். பெயரை வைத்தது மடிப்பக்கா. அதில் கேலி இருந்தது, ஆனால் குத்தல் இல்லை.

மடிப்பக்கா ஐம்பதைத் தாண்டியவள். இருபத்திரண்டு வருடமாக அதே மடிப்பு மேசை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் கூடம் அது. பெரிய விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடிக்க வேண்டும். உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். மூன்றாவது மடிப்பில் கையோடு கை தொடும். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருக்கும். அந்த ஒரு முழத்தில்தான் ஒன்பது வருடமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அக்கா குரலே கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைப்பாள். சத்தம் ஒரு எழுத்து விடாமல் படித்துவிடுவாள்.

“இந்தக் கூடத்துல காது கேக்குற ஒரே ஆளு நீதான்டி” என்பாள் அக்கா.

பிறகு தொற்று வந்தது. ஒரே வாரத்தில் எல்லா வாய்களும் துணிக்குப் பின்னால் போய்விட்டன. பஸ்ஸில், கடையில், வீட்டு வாசலில், எங்கே பார்த்தாலும் கண்கள் மட்டும். சத்தத்துக்கு இரண்டாவது முறையாகக் காது போனது. யாரோ ஏதோ கேட்பார்கள், இவள் குத்துமதிப்பாகத் தலையாட்டுவாள், அது தப்பாகிவிடும். ஒரு நாள் ஈர விரிப்புகள் ஏற்றிய தள்ளுவண்டி பின்னாலிருந்து வந்தது. “ஒதுங்கு, ஒதுங்கு” என்று எதிரே நின்ற நாலு பேர் கத்தியிருக்கிறார்கள். அவர்கள் வாய் தெரிந்திருந்தால் ஒதுங்கியிருப்பாள். வண்டி இடித்து முட்டி வீங்கிப்போனது. சூப்பர்வைசர் இரைச்சலுக்கு வெளியே வாசலுக்கு வந்து அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டார்.

“எல்லாம் சரியாகுற வரைக்கும் உங்க தங்கச்சி வீட்டுலயே இருக்கட்டும் சார். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

பக்கத்தில் நின்ற மடிப்பக்கா அதைக் கேட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் முகத்தில் துணி இல்லை. நெற்றியில் பஞ்சுப் பட்டை, அதிலிருந்து தாடைக்குக் கீழே வரை தொங்கும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு. அதற்குப் பின்னால் அவளுடைய முழு முகம், முன்பல் இடைவெளியோடு.

“என்ன தெரியுதா?” என்றாள் அக்கா.

மூன்று வாரத்துக்குப் பிறகு சத்தம் முழுதாகப் பார்த்த முதல் வாக்கியம் அது.

சூப்பர்வைசர் வந்தார். அவர் துணியைக் கழற்றவில்லை. அன்றைக்கு அவர் சொன்னதை அக்காதான் பிறகு வாய் அசைத்துச் சொன்னாள்.

“ஷீல்டு மட்டும் போடக் கூடாதுக்கா. உள்ள மாஸ்க் போட்டு, அதுக்கு மேல ஷீல்டு போடணும். எங்களுக்குச் சொல்லியிருக்காங்க.”

“ரெண்டையும் போட்டா இவளுக்கு என்ன தெரியும்? என் நெத்தியா பேசும்?”

“விதி அப்படிக்கா.”

“அப்ப விதிய வந்து இந்தப் பக்கம் ரெண்டு முனைய புடிச்சு மடிக்கச் சொல்லுங்க.”

அவர் சிரித்துவிட்டார். அந்த மாதம் மருத்துவமனை விரிப்புகள் மலைபோல் வந்துகொண்டிருந்தன. மடிப்பு மேசையில் இவர்கள் இருவருக்கும் ஈடான கை வேறு இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலர்த்தும் இயந்திரங்களின் வெக்கையில் துணிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் அக்காவின் முகம் ஆசை காட்டியது. முதலில் இஸ்திரிக்காரர் ஒரு ஷீல்டு வாங்கிவந்து துணியைக் கழற்றிப் பையில் வைத்தார். அடுத்து துவைக்கும் பிரிவு. பத்து நாளில் கூடத்தில் இருந்த பதினெட்டுப் பேரும் தகடு மட்டும்தான். கடைசியில் சூப்பர்வைசரும்.

அதற்கு அடுத்த மூன்று வாரம் சத்தத்தின் வாழ்க்கையில் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லா வாயும் திறந்திருந்தது. இஸ்திரிக்காரர் மாமியாரைத் திட்டுவதையும், துவைக்கிற அண்ணன்கள் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்வதையும் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்தே படித்து அக்காவுக்குச் சொல்வாள். சொல்வதாக நினைத்துக் கத்துவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் நுழைவாயில் சுவரில் சுகாதாரத் துறை ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. ஷீல்டு மட்டும் போதாது, மூச்சுக்காற்று அதன் அடியிலும் ஓரத்திலும் போய்வரும், உள்ளே முகக்கவசம் கட்டாயம் என்று படம் போட்டு எழுதியிருந்தது. சத்தம் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அது உண்மை என்று அவள் கைகளுக்கும் தெரியும். மூன்றாவது மடிப்பில் நெருங்கி வரும்போது அக்காவின் மூச்சு தகட்டின் அடியால் இறங்கி இவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பாகப் படும்.

ஒருமுறை கேட்டாள். “அக்கா, உள்ள மாஸ்க் போடலன்னா தப்புன்னு எழுதியிருக்கே.”

“எட்டு மணி நேரம் உன் முன்னாடி முகத்த மூடிக்கிட்டு நிக்கவா? சும்மா மடிடி.”

சத்தம் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவளுக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

முதலில் இஸ்திரிக்காரர் படுத்தார். நாலே நாளில் ஒன்பது பேர். கூடத்தை இழுத்துச் சாத்தினார்கள். சத்தத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, வாசனை தெரியாமல் போனது, அவ்வளவுதான். அக்காவின் மகளுக்கும் அப்படித்தான். மடிப்பக்காவை மட்டும் காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். யாரும் கூடப் போகக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் மதியம் மகள் சத்தத்தின் வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தை இறக்கிப் பேசினாள்.

“நாலு மணிக்கு நர்ஸ் வீடியோவுல காட்டுவாங்க. ரெண்டு நிமிஷம்தான். அம்மாவுக்குக் குரலே வரல. அந்த மெஷின் சத்தம் வேற. மூணு நாளா ஏதோ சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குத்தான் வாய் பாக்கத் தெரியும்.”

நாலு மணிக்குத் திரையில் அக்கா தெரிந்தாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் ஆவி படிந்திருந்தது. உள்ளே உதடுகள் அசைந்தன, கலங்கிய தண்ணீருக்குள் எதுவோ அசைகிற மாதிரி. சத்தம் திரையை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள். ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்போது நர்ஸ் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முகமூடியைத் தூக்கினாள். வெடித்த உதடுகள், முன்பல் இடைவெளி. சத்தத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. இங்க எல்லாரும் செத்துக்கிட்டே இருக்காங்க.”

மகள் சத்தத்தின் தோளை உலுக்கினாள். “என்ன சொல்றாங்க?”

சத்தம் அவள் முகத்தைப் பார்த்தாள். இருபத்து மூன்று வயது. அவளால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவும் முடியாது, வாசலில் போய் நிற்கவும் முடியாது.

“சாப்பிட்டியான்னு கேக்குறாங்க.”

மகள் போனை வாங்கி, அழுதுகொண்டே சிரித்தாள். “சாப்பிட்டேன்மா. வயிறு நெறையச் சாப்பிட்டேன். நீ கவலப்படாத.”

அக்கா மகளையே பார்த்தாள். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தேடுகிற பார்வை. பிறகு நர்ஸ் முகமூடியை மாட்டினாள். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்ல முயலவில்லை என்று நர்ஸ் சொன்னாளாம். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள். இறுதிச் சடங்குக்கு நாலு பேருக்குத்தான் அனுமதி. அதில் சத்தம் இல்லை.

மகள் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். யாரிடமிருந்து ஒட்டியது என்று சொல்ல முடியாது, விரிப்புகளிலிருந்தா ஆளிடமிருந்தா என்றும் தெரியாது, முகக்கவசம் போட்டிருந்தால் தப்பித்திருப்பாள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது என்றாராம். அண்ணன் இதை ஆறுதல் மாதிரி எழுதிக் காட்டினார். சத்தத்துக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தப்பு உன் மேல்தான் என்று யாராவது முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

கூடம் திறந்ததும் சூப்பர்வைசர் ஷீல்டுகளை எல்லாம் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டார். துணிக் கவசம் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. சத்தத்துக்கு எதிரே ஒரு புதியவளை நிறுத்தினார்கள். அவள் கண்ணால் சிரிக்கப் பார்த்தாள். சத்தம் விரிப்பின் முனைகளை மட்டும் பார்த்துக்கொண்டு மடித்தாள்.

அக்காவின் பொருட்களை எடுத்துப்போக மகள் ஒரு நாள் வந்தாள். ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு சீப்பு, மாற்றுப் புடவை. சத்தம் அவள் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள்.

“அன்னிக்கு உங்கம்மா சாப்பிட்டியான்னு கேக்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் பேசத் தொடங்கினாள். முகக்கவசம் உள்ளே ஒட்டுவதும் புடைப்பதுமாக இருந்தது. நீளமாக ஏதோ சொன்னாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது ஆத்திரமா, மன்னிப்பா, கேள்வியா, சத்தத்துக்குத் தெரியவில்லை. முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கு என்று இனி எந்த மனிதரிடமும் கேட்க அவளுக்கு நா எழாது. பஸ் வந்தது. மகள் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சத்தம் அண்ணனின் போனிலிருந்து அவளுக்கு எழுதி அனுப்பினாள்: ‘நேத்து நீ சொன்னது எனக்குப் புரியல. திட்டியிருந்தாலும் பரவாயில்ல, எழுதி அனுப்பு.’

மகள் அதைப் பார்த்துவிட்டதற்கான அடையாளம் அன்றைக்கே வந்தது. பதில் வரவில்லை. மாதக்கணக்கில் சத்தம் அண்ணனின் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அண்ணன், அவள் கேட்பதற்கு முன்பே, ‘இல்லை’ என்று தலையை ஆட்டத் தொடங்கினார்.